செகண்ட் ஹேண்ட் லைட் மீட்டர்: அந்தச் சின்னத் தகடைத் தொலைச்சிடாதீங்க

ஃபிலிம் கேமரா கைக்கு வந்ததும் அடுத்து மனசு தேடுறது லைட் மீட்டரைத்தான். நான் வாங்கினது பழைய செகோனிக் எல்-398. பேட்டரியே வேண்டாம், செலினியம் செல் மேல வெளிச்சம் பட்டா முள் நகரும். ஆனா அதோட வர்ற துணைப் பாகங்களைப் புரிஞ்சுக்காம ஒரு ரோலை நான் பாழாக்கினேன்.

இடம், பாடாலூர் பக்கத்துல காரை. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்ச களிமண், இன்னைக்கு மழை அரிச்ச வெளிர் மேடுகளா நிக்குது. உச்சி வெயில்ல கண்ணே கூசும்.

அங்க முதல்ல மாட்ட வேண்டியது வெள்ளைக் குமிழ், அதாவது லூமிஸ்பியர். படம் எடுக்கிற பொருள் பக்கத்துல நின்னு, குமிழைக் கேமரா பக்கம் திருப்பணும். பொருள் மேல விழுற வெளிச்சத்தை அது அளக்கும். மண் வெளுப்பா கறுப்பாங்கிற கவலை இல்லை.

லூமிகிரிட் இதுக்கு நேரெதிர். பொருள்ல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை அளக்கும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல்னு நினைச்சுக்கும். அப்படியே நம்பினா காரை மண் மங்கலா வரும். ஒரு ஸ்டாப்பாவது கூட்டிக் கொடுங்க. தட்டையான லூமிடிஸ்க், பழைய ஃபோட்டோ, ஓவியம் மாதிரி தட்டையான பொருளைப் படமெடுக்க.

இப்ப என் கதை. கடும் வெயிலுக்கு ஹை ஸ்லைடுன்னு துளை போட்ட தகடு ஒண்ணு இருக்கு. உள்ள வர்ற வெளிச்சத்தை 32-ல ஒரு பங்காக் குறைக்கும், 5 ஸ்டாப். அதைச் சொருகினா டயல்ல ‘எச்’ குறியை வச்சுத்தான் பார்க்கணும். எடுத்துட்டா சாதாரணக் குறிக்கு மாறணும்.

காரையில எல்லாம் சரியா செஞ்சேன். திரும்பும்போது நண்பனோட தாத்தாவை, வெங்காயப் பட்டறை பக்கத்துத் திண்ணை நிழல்ல படம் எடுத்தேன். தகடை எடுத்தேன், குறியை மாத்தல. மீட்டர் 5 ஸ்டாப் அதிக வெளிச்சம்னு சொல்லுச்சு. நெகட்டிவ்ல அவர் முகமே இல்லை. அதிகமா வெளிச்சம் கொடுத்த நெகட்டிவ்வை ஓரளவு மீட்கலாம். விழாத வெளிச்சத்தை எங்கிருந்து மீட்க?

வாங்கும்போது தகடு இருக்கான்னு கேளுங்க. செல்லைக் கையால மூடினா முள் பூஜ்யத்துக்கு வரணும். அப்புறம் உச்சி வெயில்ல, ஐஎஸ்ஓ 100, தகடு சொருகி, குமிழைச் சூரியன் பக்கம் காட்டுங்க. 1/125-க்கு எஃப் 16 ஒட்டி வந்தா மீட்டர் நல்லாயிருக்கு. ரொம்பத் தள்ளி வந்தா செல் களைச்சுப்போச்சு, விட்டுடுங்க.

தாத்தாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். “வெங்காயம் எடுக்கையில வா தம்பி”ன்னார். இந்தத் தடவை குறியை ரெண்டு முறை பார்ப்பேன்.