உங்களுக்குத் தெரியுமா? சலசலக்காத தடுப்பணைதான் ஆளை விழுங்கும்!

இங்கிலாந்தின் தேம்ஸ் நதியில் லெச்லேடு அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸ் முதல் டெடிங்டன் வரை 44 லாக்குகள், அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவடைத்த தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடுப்பணை உண்டு. கனூ ஓட்டிக்கு எமன் அதுதான்.

மேலிருந்து வருபவருக்கு அணை கண்ணில் படாது. ஆற்றின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் நீர்ப்பரப்பு சட்டென்று முடியும், அவ்வளவே. விழும் நீர் அடியில் சுருண்டு, மேற்பரப்பில் மறுபடி அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கியவரை அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் உயிர்காப்பு அங்கியும் முழுதாகத் தாங்காது. வெள்ளத்தில் அணைக்குக் கீழே நீர்மட்டம் உயர்ந்து, அணை சாதுவாகத் தெரியும்போது இழுப்பு இன்னும் கூடலாம். கிட்டே போய் எட்டிப் பார்த்து முடிவெடுக்கிற இடமல்ல இது. முன்கூட்டியே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

லாக்குக்குள் போனால் படகின் கயிற்றைக் கட்டாதீர்கள், கையில் பிடியுங்கள். தண்ணீர் இறங்கும்போது கட்டிய படகு சுவரில் தொங்கிக் கவிழும். மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் திண்டிலிருந்தும் விலகியே நில்லுங்கள்.

லாக்கில் ‘கடும் நீரோட்டம்’ என்ற சிவப்புப் பலகை வைத்திருந்தால் அன்று படகை இறக்கவே வேண்டாம்.