வீட்டிலேயே கார் கழுவுகிறீர்களா? நுரைத் தெளிப்பான் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கோவிந்தாபுரம் (பாலக்காடு): பொள்ளாச்சியில் இருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டைக் கடந்து கேரளத்துக்குள் நுழையும் எல்லையில் உள்ளது கோவிந்தாபுரம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில், வாசலில் நிறுத்திய கார் ஒரே நாளில் புழுதி மூடிப் போகும். அதற்கு அஞ்சி முதலமடைப் பக்கத்து மாமரத்தடியில் நிறுத்தினாலும் நிம்மதி இல்லை. பூங்கொத்துகளில் தங்கும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பான கழிவு, கூரையிலும் கண்ணாடியிலும் பிசினைப் போல் ஒட்டிக் கொள்ளும். புழுதியும் பிசுபிசுப்பும் சேர்ந்த காரை ஈரத் துணியால் தேய்த்தால், மணல் துகள்கள் வண்ணப்பூச்சின் மேல் வட்ட வட்டமாகக் கீறல் போட்டுவிடும்.

இதற்குத் தீர்வாகவே நுரைத் தெளிப்பான்கள் விற்கப்படுகின்றன. நுரை காரின் மீது சில நிமிடங்கள் தங்கி அழுக்கை ஊற வைக்கும். பின்னர் தேய்க்கும்போது துகள்கள் வழுக்கிச் செல்ல உதவும். அதன் வேலை அவ்வளவே. விளம்பரங்களில் காட்டுவது போல நுரையை அடித்துத் தண்ணீர் விட்டால் மட்டும் கார் முழுமையாகச் சுத்தமாவதில்லை. கையால் துடைக்கும் வேலை மிஞ்சவே செய்யும்.

குழாயின் அழுத்தமே முதல் கேள்வி

சந்தையில் மூன்று வகைத் தெளிப்பான்கள் அதிகம் விற்பனையாகின்றன. தோட்டக் குழாயின் முனையில் மாட்டும் ஃபோம் கன் முதலாவது. பிரஷர் வாஷருடன் இணைக்கும் ஃபோம் கேனன் இரண்டாவது. கையால் காற்றடித்துப் பயன்படுத்தும், 1.5 அல்லது 2 லிட்டர் கொள்ளளவுள்ள பம்ப் தெளிப்பான் மூன்றாவது.

இவற்றுள் பலர் ஏமாறுவது முதல் வகையில்தான். குழாயில் வரும் நீரின் அழுத்தத்தை நம்பியே ஃபோம் கன் இயங்குகிறது. நம் வீடுகளில் தண்ணீர் வருவதோ மொட்டை மாடித் தொட்டியில் இருந்து. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். ஒரு மாடி வீட்டின் தொட்டி, தரையில் இருந்து 4 அல்லது 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது அரை பார் கூட இல்லை. அந்த அழுத்தத்தில் ஃபோம் கன்னில் இருந்து சோப்புத் தண்ணீர்தான் வழியுமே தவிர, நுரை வராது. கருவியில் பழுது என்று கருதிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர் முதலில் அண்ணாந்து தொட்டியைப் பார்ப்பது நல்லது. மோட்டாரில் இருந்து நேரடி இணைப்பு உள்ள வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கைப்பம்ப் தெளிப்பான் குழாயைச் சார்ந்தது அன்று. காற்றை அடைத்து அதுவே அழுத்தத்தை உண்டாக்கிக் கொள்ளும், மின்சாரமும் தேவையில்லை. சிறிய கார் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு நிரப்பல் போதும். நுரை தடிமனாக இராது, கை வலிக்கும் என்பவை குறைகள். ஆனாலும் தொட்டித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு இதுவே பொருத்தமான தேர்வு. வாங்கும்போது அழுத்தத்தைத் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வு உள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும்.

தோப்பு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. மாமரத்துக்கு மருந்து அடிக்கும் தெளிப்பானைக் காருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் முனை நுரையைத் தராது, தூறலைத்தான் தரும். அதைவிட முக்கியமாக, தொட்டியில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தின் மிச்சம் கையிலும், குழந்தைகள் தொடும் கதவுகளிலும் படியும்.

தடித்த நுரை வேண்டுவோர் பிரஷர் வாஷரும் ஃபோம் கேனனும் வாங்கலாம். வாளியில் இருந்து நீரை உறிஞ்சும் வசதி உள்ள இயந்திரம் என்றால் குழாய் அழுத்தம் ஒரு பொருட்டில்லை. வீட்டு உபயோக இயந்திரங்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் நீரையே தள்ளுகின்றன. கேனனின் உள்ளே இருக்கும் துளை பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் அளவில் வருவதால், இவற்றில் நுரை நீர்த்துப் போகும். 1.1 மில்லிமீட்டர் துளைக்கு மாற்றினால் நுரை தடிக்கும். ஈரத் தரையில் மின் இயந்திரத்தை இயக்குவதால், வீட்டு இணைப்பில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம். பீய்ச்சும் முனையை வண்ணப்பூச்சுக்கு மிக அருகில் கொண்டு செல்லவும் கூடாது.

சோப்பு எது?

சலவைத்தூளும் துணி சோப்பும் காருக்கு வேண்டாம். துணியின் அழுக்கை நீக்கச் சேர்க்கப்படும் சலவைச் சோடா போன்ற காரப்பொருட்கள், காரின் மீதுள்ள மெழுகுப் பூச்சைக் கரைத்து, ரப்பர் பட்டைகளையும் வறளச் செய்யும். பாத்திரம் கழுவும் திரவம் ஒருமுறை பட்டால் பெயின்ட் போய்விடாது. ஆனால் எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கென்றே உருவானது என்பதால், வாரந்தோறும் பயன்படுத்தினால் மெழுகு நிற்காது. கார அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7-ஐ ஒட்டியுள்ள, நடுநிலையான கார் ஷாம்புவே ஏற்றது. செராமிக் பூச்சு செய்த கார் என்றால், மெழுகு கலக்காத ஷாம்புவைக் கேட்டு வாங்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் தண்ணீரின் கடினத்தன்மையையும் அறிந்திருக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பி, துணி சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழாமல் வெண்மையான திரி திரியான படிவு மிதந்தால் அது கடின நீர். அத்தகைய நீரில் நுரை குறைகிறது என்று ஷாம்புவை இரு மடங்கு ஊற்றுவதில் பயனில்லை. கழுவிய நீர் வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள உப்பு வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். எனவே காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் ஹோஸை 15 நிமிடம் திறந்து வைத்தால் 150 லிட்டர் போய்விடும். அதே காரைக் கைப்பம்ப் நுரையாலும், ஷாம்பு நீருக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என இரு வாளிகளாலும் 40 முதல் 50 லிட்டருக்குள் முடிக்கலாம். அலசும் வாளி தனியாக இருந்தால், துணியில் சேரும் மணல் மீண்டும் காருக்கு வராது. மழையற்ற மாதங்களில், 10 லிட்டருக்கும் குறைவான நீரில் துடைத்து முடிக்கும் 'அலசத் தேவையில்லாத' ஷாம்புவும் உதவும்; சேறு அப்பிய காருக்கு மட்டும் அது ஆகாது.

சித்தூர் வட்டத்தில் இந்தக் கணக்கு சாதாரணமானது அன்று. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் செய்துகொண்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அதை எதிர்பார்த்தே இங்கு வேளாண்மை நடக்கிறது. இதே வட்டத்தில் உள்ள பிளாச்சிமடையில், நிலத்தடி நீருக்காக 2002-இல் மக்கள் போராட்டம் தொடங்கியதும், 2004-இல் அங்கிருந்த கோகோ கோலா ஆலை உற்பத்தியை நிறுத்தியதும் குறிப்பிடத்தக்கது. பெங்களூருவில் 2024 மார்ச் மாதம் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குடிநீரால் வாகனம் கழுவினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். கேரளத்தில் பெரும்பாலான வீடுகளில் திறந்த கிணறு உண்டு. சோப்பு நீரும், காரின் அடியில் இருந்து கழுவி வரும் எண்ணெயும் அதன் பக்கம் சரியாதவாறு இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். வாய்க்காலில் இறக்கிக் கழுவினால் அது காயத்ரிப்புழாவுக்கும், அங்கிருந்து பாரதப்புழாவுக்கும் சென்று சேரும். நுரை தரும் வேதிப்பொருட்கள் மீன்களின் செவுள்களைப் பாதிக்கக் கூடியவை.

வேலை முடிந்ததும் தெளிப்பானில் மிஞ்சிய ஷாம்பு நீரை அப்படியே வைத்துவிடாதீர்கள். காற்றழுத்தத்தைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு முறை பீய்ச்சிய பிறகு நிழலில் கவிழ்த்து வையுங்கள். முனையின் உள்ளே நுரையை உண்டாக்கும் சிறு கம்பி வலை உள்ளது. உப்பு படிந்து அது அடைபட்டால், வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் மீண்டும் பயன்படும்.