அரை மைல் வளையத்தில் ஐந்நூறு சுற்றுகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், முக்கோலையிலிருந்து காரோடு வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலைப் பகுதி கான்கிரீட்டால் ஆனது. கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஒன்று கான்கிரீட்டில் அமைந்தது இதுவே முதன்முறை. தென்னந்தோப்புகளையும் மரவள்ளித் தோட்டங்களையும் ஊடறுத்துக்கொண்டு, கோட்டுகால் வழியாகத் தமிழக எல்லையை நோக்கி அது நீள்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இச்சாலை பயண நேரத்தைக் குறைத்துத் தந்திருக்கிறது. இரவு கவிந்ததும் சில இளைஞர்களுக்கு அதே சாலை பந்தயக் களமாகிவிடுகிறது. அதன் விளைவுகளை நாளேடுகளின் உள்ளூர்ப் பக்கங்களில் அவ்வப்போது படித்து வருந்துகிறோம்.

வேகத்தின்மீது இளமைக்கு உள்ள மோகத்தைக் கண்டிப்பது எளிது. அம்மோகத்துக்கு உரிய இடம் ஒன்றை அமைத்துத் தருவது கடினம். அதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அதைச் செய்து காட்டிய இரண்டு சிற்றூர்கள் உண்டு. ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மார்ட்டின்ஸ்வில். மற்றொன்று கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையம். இவ்விரண்டையும் இணைக்கும் தமிழர் ஒருவரும் இருக்கிறார்.

ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், மார்ட்டின்ஸ்வில்லுக்கு ஸ்டாக் கார் பந்தய வார இறுதி வந்து சேரும். அடுத்த வார இறுதி நெருங்கும் இவ்வேளையில், அப்பந்தயத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதில் சுவை கூடும்.

முதலில் பெயர். இங்கே ஸ்டாக் என்பது பங்குச் சந்தையில் நாம் வாங்கி விற்கும் ஸ்டாக் அன்று. கடையில் இருப்பிலுள்ள சரக்கு என்ற பொருளில் வந்த சொல் அது. விற்பனைக் கூடத்தில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரை அப்படியே பந்தயத்துக்கு ஓட்டிச் செல்வதே இவ்விளையாட்டின் தொடக்கம். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த நாள்களிலும் அதற்குப் பின்னரும், கள்ளச்சாராயத்தை மலைப்பாதைகளில் கடத்தியவர்கள் காவலரிடமிருந்து தப்பத் தங்கள் கார்களின் இயந்திரங்களை முடுக்கிவிட்டனர். யாருடைய கார் விரைவானது என்னும் வாக்குவாதம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களாக உருவெடுத்தது. அப்பந்தயங்களுக்கு விதியும் கணக்கும் ஏற்படுத்த 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பு பிறந்தது. இன்று ஓடும் கார்கள் கடையில் கிடைப்பவை அல்ல. தோற்றத்தில் மட்டுமே அந்த உறவு எஞ்சியிருக்கிறது. ஆயினும் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை ஒரு வேலிக்குள் கொண்டுவந்ததே இவ்விளையாட்டின் முதல் சாதனை என்பதை மறக்கலாகாது.

மார்ட்டின்ஸ்வில் தடம் நாஸ்காருக்கும் மூத்தது, 1947-இல் திறக்கப்பட்டது. செம்மண் தடமாக இருந்ததற்கு 1955-இல் தார் இட்டார்கள். அதன் சுற்றளவு 0.526 மைல், ஏறத்தாழ 850 மீட்டர். நாஸ்காரின் முதன்மைத் தொடர் ஓடும் தடங்களுள் மிகக் குறுகியவற்றில் ஒன்று இது. காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக் கவ்வியை மேசைமீது வைத்தாற்போன்ற வடிவம்: இரு நீண்ட நேர்ப்பகுதிகள், இரு முனைகளிலும் கொண்டை ஊசி போன்ற வளைவுகள். நேர்ப்பகுதியில் தார், வளைவுகளில் கான்கிரீட். கனமான கார்கள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் திரும்பித் தாரைப் பெயர்த்துவிட்டதால், 1976-இல் வளைவுகளுக்குக் கான்கிரீட் இட நேர்ந்தது.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது விநாடி. இலையுதிர்காலப் பந்தயம் 500 சுற்றுகள் கொண்டது. சுற்றுக்கு இரண்டு முனைகள். ஆகவே ஓட்டுநர் ஆயிரம் முறை பிரேக்கை அழுத்தியாக வேண்டும். வளைவுகளின் சாய்வு 12 பாகை மட்டுமே என்பதால், பெருந்தடங்களில் போலத் தடத்தின் சாய்வை நம்பி வேகத்தோடு திரும்ப இயலாது. பிரேக் தட்டுகள் கனன்று சிவப்பாக ஒளிர்வதைப் பார்வையாளர் கண்ணாலேயே காணலாம். அவற்றைக் குளிர்விக்கக் காரின் முகப்பிலிருந்து காற்றுக் குழாய்கள் செல்கின்றன. முதல் நூறு சுற்றுகளில் முந்திச் சென்று பெருமை தேடியவர், கடைசி ஐம்பதில் பிரேக்கும் டயரும் தேய்ந்து பின்தங்குவது இங்கே வழக்கமான காட்சி. ஆகவே முன்னணியில் இருப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிராதீர்கள். ஏழாவது, எட்டாவது இடங்களில் அமைதியாக ஓடிக்கொண்டிருப்பவரையும் கவனியுங்கள். தம் காரின் ஆயுளைச் செலவிடாமல் சேமித்து வைத்திருப்பவர் அவராகவே இருக்கக்கூடும்.

வெற்றி பெற்றவருக்கு இங்கே ஆளுயர ஊசல் கடிகாரம் ஒன்று பரிசாகக் கிடைக்கும். 1964 முதல் தொடரும் வழக்கம் இது. மார்ட்டின்ஸ்வில் ஒரு காலத்தில் மரச்சாமான்களுக்கும் துணி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். கோப்பைக்குப் பதிலாகத் தன் வட்டாரத்துக் கைத்தொழிலையே அது பரிசாக்கியது. கோடிகளைப் பரிசாகப் பெறும் ஓட்டுநர்களும் இக்கடிகாரத்தை வீட்டு முகப்பில் நிறுத்தி வைக்க ஏங்குகிறார்கள்.

2022 அக்டோபர் 30-இல் இத்தடத்தில் நடந்தது உலகெங்கும் பேசப்பட்டது. கடைசிச் சுற்று. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற ராஸ் சாஸ்டெயினுக்கு இரண்டு இடங்கள் தேவைப்பட்டன. வழக்கமான ஓட்டத்தில் அதற்கு வழியில்லை. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. காரை வெளிச்சுவரோடு ஒட்டவைத்து, முழு வேகத்தில் சுவரை உரசிக்கொண்டே வளைவைச் சுற்றினார். ஐந்து கார்களை முந்தினார். அச்சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது 18.845 விநாடி. சிறுவயதில் ஆடிய கணினி விளையாட்டில் கற்ற உத்தி என்று பின்னர் அவரே சொன்னார். அரங்கம் ஆரவாரித்தது. ஆயினும் 2023 சனவரி முடிவதற்குள், அவ்வாறு ஓட்டினால் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. சுவருக்கு அப்பால் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் செய்தால் துணிச்சல். முப்பது பேரும் செய்யத் தொடங்கினால் பேரழிவு. ஒரு களம் தன் நாயகனைக் கொண்டாடிக்கொண்டே அவன் செயலுக்குத் தடை விதித்தது சரியான தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம்.

இதே மார்ட்டின்ஸ்வில்லில், 2010 மார்ச் 27 அன்று, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தம் முதல் நாஸ்கார் பந்தயத்தை ஓட்டினார். இந்தியாவில் பிறந்தவர்களில் நாஸ்காரில் பங்கேற்ற முதல்வர் நரேன் கார்த்திகேயன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2005-இல், பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமையை அவர் பெற்றிருந்தார். மென்மையான, இறகு போன்ற பார்முலா கார்களில் பழகியவர், கனத்த பிக்கப் டிரக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு செல்லும் தொடரில், அதுவும் 250 சுற்றுகள் கொண்ட குறுந்தடத்தில் அறிமுகமானார். 13-ஆவதாக முடித்தார். அவ்வாண்டு அத்தொடரின் ரசிகர்கள் தங்கள் மனம் கவர்ந்த ஓட்டுநராகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

நரேன் எங்கே கற்றார் என்று கேட்டால், விடை இன்னொருவரிடம் போய் நிற்கும். கோயம்புத்தூரின் ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன் தாமும் பந்தய ஓட்டுநர். தமிழகத்தில் அந்நாளில் பந்தயம் என்றால் சென்னையை அடுத்த சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் அது நடக்கும். வெளிநாட்டிலிருந்து கார்களைத் தருவிக்க இயன்ற செல்வர்கள் முன்னே ஓடுவார்கள். மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அவ்வேலியைத் தாண்ட ஒரு வழியைக் கரிவரதன் கண்டார். தெருவெங்கும் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி இயந்திரத்தை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் ஒன்றில் பொருத்தினார். 1988-இல் பார்முலா மாருதி பிறந்தது. பழுதானால் உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே இயந்திரம் என்பதால் வென்றவர் ஓட்டுத்திறனால் வென்றார். சாதாரணக் காரிலிருந்து பந்தயத்தை எழுப்புவது என்னும் ஸ்டாக் கார் எண்ணத்தையே, வேறு வடிவில், கொங்கு நாட்டில் ஒருவர் செய்து முடித்தார். நரேன் முதலில் ஓட்டியது அத்தகைய காரைத்தான்.

கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். அவருடைய பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. நீளம் 2.1 கிலோமீட்டர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தோடு ஒப்பிட்டால் பாதியைச் சற்றே விஞ்சும். சிறிய தடம் என்பது குறையன்று. பார்வையாளர் ஓரிடத்தில் அமர்ந்தே பந்தயத்தின் பெரும்பகுதியைக் காணலாம். புதிதாக ஓட்டக் கற்பவர் குறைந்த வேகத்தில், அடுத்தடுத்து வரும் வளைவுகளில் பிரேக்கின் இயல்பை உணரலாம். தேசியப் பந்தயத் தொடரின் சுற்றுகள் இங்கே நடைபெறுகின்றன. எல்லையூர் வாசகர்களுக்கும் இது எட்டாத தொலைவன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே செல்லும் ஐலண்டு எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர் வழியாகத்தான் பெங்களூரு போகிறது.

களத்துக்குள் ஓட்டினால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 சனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார் பந்தயத்தின்போது, 59 வயதான மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் உயிரிழந்தார். அமெரிக்காவில் 2001-இல் டேல் எர்ன்ஹார்ட் என்னும் பெரும் ஓட்டுநர் டேடோனாவில் மாண்ட பின்னரே, தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடிக்கும் கவசம் நாஸ்காரில் கட்டாயமாயிற்று. எஃகுக் குழாய்களுக்குப் பின்னே நுரைப்பொதிகளை வைத்து மோதலை உள்வாங்கும் தடுப்புச் சுவர்களும் அதையடுத்துப் பரவின. களத்தில் ஒவ்வொரு இறப்பும் ஒரு விசாரணையையும் ஒரு விதியையும் விட்டுச் செல்கிறது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் நேரும் இறப்பு ஒரு குடும்பத்தின் துயரத்தைத் தவிர எதையும் விட்டுச் செல்வதில்லை.

வாடிக்கையாளர்கள் தங்கள் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. பயன்பாட்டு வரம்பு என்னும் தலைப்பின்கீழ், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வாகனத்தைப் பயன்படுத்துவது விலக்கப்பட்டிருக்கும். தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவும் பந்தயத்தில் நேரும் காயத்தை ஏற்பதில்லை. ஆகவே வங்கிக் கடனில் வாங்கிய வண்டி இரவுப் பந்தயத்தில் நொறுங்கினால், வண்டி போய்விடும், தவணை நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவோருக்கு முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் எனில், 199-ஏ பிரிவின்கீழ் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும்.

வீட்டில் வேகப்பித்துக் கொண்ட பிள்ளை இருந்தால் கோகார்ட்டில் தொடங்கலாம். முறையான போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் வேண்டும். தலைக்கவசமும் தீத்தாங்கும் உடையும் முதற்செலவு; டயரும் பயணமும் தொடர்செலவு. காரை வாங்குவதைவிட ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே பலர் கையாளும் வழி.

அதற்கு முன்னர் மார்ட்டின்ஸ்வில்லை ஒருமுறை அப்பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். இளவேனில் நாள்களில் வர்ஜீனியாவின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பச்சைக் கொடி அசைந்தால், கோட்டுகாலில் நள்ளிரவு பன்னிரண்டரை. நெடுஞ்சாலையில் வண்டிகளின் இரைச்சல் கேட்கும் அதே நேரம்.