விரல் நுனியில் நிற்கும் விமானம்

மாதக்கணக்கில் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு, பால்சா மரத்தாலோ நுரைப்பலகையாலோ செய்து முடித்த மாதிரி விமானம் மேசைமீது நிற்கிறது. மோட்டார் சுழல்கிறது, ரிமோட்டின் குச்சியை அசைத்தால் வால் அசைகிறது. பிள்ளைகள் உடனே மைதானத்திற்குப் புறப்பட வேண்டும் என்கிறார்கள். இந்த வேளையில் இன்னும் அரைமணி நேரம் பொறுப்பவரின் விமானமே பெரும்பாலும் முழுதாக வீடு திரும்பும். அந்த அரைமணி நேரம் ஈர்ப்பு மையத்தைச் சரிபார்ப்பதற்கானது.

விமானத்தின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியே ஈர்ப்பு மையம். நேரான இறக்கை கொண்ட வழக்கமான பயிற்சி விமானத்தில் அது முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 33 விழுக்காட்டுத் தொலைவுக்குள் அமைய வேண்டும். அகலம் 24 செ.மீ. எனில் 6 முதல் 8 செ.மீ. வரை. வரைபடத்தில் வடிவமைப்பாளர் ஓர் இடத்தைக் குறித்திருந்தால் அதையே பின்பற்றுக.

மூக்கு கனத்த விமானம் எழும்ப நெடுந்தூரம் ஓடும், வேகமாகத் தரையிறங்கும். ஆயினும் சொன்னபடி கேட்கும். வால் கனத்ததோ குச்சியைச் சிறிது தொட்டாலே துள்ளும். மூக்கை உயர்த்திக்கொண்டே போய், வேகம் குன்றி, இறக்கை தாங்குதிறனை இழந்து விழும். ரைட் சகோதரர்களே இத்தொல்லைக்கு விலக்கல்லர். 1903-ல் பறந்த அவர்களது விமானம் மேலும் கீழுமாக அலையும் இயல்புடையது. அடுத்த ஆண்டு செய்த விமானத்தின் முன்பகுதியில் இரும்புப் பாரம் வைத்துப் பறந்தனர்.

சோதிக்கும்போது பேட்டரி, காற்றாடி, சக்கரங்கள் என அனைத்தும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். பேட்டரியின் இணைப்பை மட்டும் கழற்றிவிடுக. எரிபொருளால் ஓடும் விமானமாயின் தொட்டி காலியாக இருக்க வேண்டும். தொட்டி பெரும்பாலும் ஈர்ப்பு மையத்திற்கு முன்னே இருப்பதால், எரிபொருள் தீரத்தீர மூக்கின் கனம் குறையும். இருபுற இறக்கைகளின் அடியிலும் பென்சிலால் குறியிட்டு, அங்கே விரல் நுனிகளை வைத்துத் தூக்குக. தாழ்ந்த இறக்கை கொண்டதைத் தலைகீழாகத் திருப்பியே தூக்க வேண்டும். விமானம் கிடையாகவோ, மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நின்றால் போதும்.

வால் தாழ்ந்தால் உடனே ஈயத்தைத் தேட வேண்டாம். முதலில் பேட்டரியை முன்னே நகர்த்துக. மூன்று செல் கொண்ட 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். அதைவிட நல்ல எடைக்கல் ஏது? அதுவும் போதாதபோதே ஈயம். கார்ச் சக்கரங்களைச் சமன்செய்யும் கடைகளில் 5, 10 கிராம் ஒட்டுத்துண்டுகள் கிடைக்கும். மூக்கு 20 செ.மீ. முன்னும் வால் 60 செ.மீ. பின்னும் இருக்கும் விமானத்தில், வாலில் ஏறிய 10 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் 30 கிராம் வேண்டும். வாலில் பசையையும் வண்ணத்தையும் தாராளமாகப் பூசுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பிறகு மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். எந்த இறக்கை தாழ்கிறதோ, அதற்கு எதிர்ப்புற இறக்கை நுனியில் சிறு எடை சேர்க்க வேண்டும்.

இருப்பாய்வின் இரு பக்கமும் பொருந்திவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று வணிகவியல் படித்த எவரும் சொல்லார். இங்கும் அப்படித்தான். எடை சமனான விமானத்திலும் கட்டுப்பாடுகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம். காற்றாடியைக் கழற்றி, பேட்டரியை இணைத்து, விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள்: குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலெழ வேண்டும், குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் வாலின் கிடைமடல் மேலெழ வேண்டும்.

எங்கே பறக்கவிடுவது என்பதற்கு 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் உள்ளன. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களைக் காணலாம். மஞ்சளிலும் சிவப்பிலும் முன் அனுமதி தேவை.

காற்று அடங்கிய காலைவேளையில், காற்றுக்கு எதிர்முகமாக விமானத்தை எழுப்புக. வானில் அது ஓயாது மூக்கை உயர்த்தித் துள்ளினால், பொறுமையாக இறக்கி, பேட்டரியைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளி மறுபடி முயல்க. சரியான இடம் அமைந்ததும், அறையினுள் பேட்டரியின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டு வையுங்கள். மின்னேற்றம் செய்யக் கழற்றிய பேட்டரி அடுத்த வாரமும் அதே இடத்தில் அமரும்.