விழுங்கும் காமிரா

கண்ணுக்கு எட்டாத இடத்தையும் கண்டறிய வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்கு என்றும் உண்டு. விண்ணையும் ஆழ்கடலையும் ஆராய்ந்த மனிதனுக்கு, தன் வயிற்றுக்குள் உள்ள சிறுகுடல் மட்டும் நெடுங்காலம் இருட்டறையாகவே இருந்தது.

1868-ஆம் ஆண்டில் குஸ்மவுல் என்னும் ஜெர்மானிய மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையைக் காண முயன்றார். 1957-இல் வளையக்கூடிய கண்ணாடி இழைக் குழாய் வந்தது. நாளடைவில் இரைப்பையையும் பெருங்குடலையும் மருத்துவர்கள் தெளிவாகக் கண்டனர். ஆனால் இரண்டிற்கும் நடுவே சுமார் 6 மீட்டர் நீளம் சுருண்டு கிடக்கும் சிறுகுடல் முழுவதையும் இக்குழாய்கள் எட்டவில்லை. அங்கே இரத்தம் கசிந்தால் நோயாளி சோகையால் வாடுவார். காரணமோ எளிதில் புலப்படாது.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் காவ்ரியேல் இடான் என்னும் இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர். ஏவுகணைகளுக்குக் 'கண்' அமைக்கும் பணியில் இருந்தவர் அவர். அந்த அறிவைக் கொண்டு, கம்பியோ குழாயோ இல்லாத மாத்திரைக் காமிராவை உருவாக்கினார். 2001-இல் அமெரிக்க அரசு இதன் பயன்பாட்டிற்கு அனுமதி அளித்தது.

இது எவ்வாறு இயங்குகிறது? சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் பருமனும் கொண்ட இம்மாத்திரைக்குள் காமிரா, சிறு விளக்குகள், மின்கலம், வானொலி அலைபரப்பி ஆகியவை அடங்கியுள்ளன. வெறும் வயிற்றில் நோயாளி இதைத் தண்ணீருடன் விழுங்குகிறார். உணவைத் தள்ளும் குடலின் அசைவே இதையும் தள்ளிச் செல்கிறது. வயிற்றின்மேல் ஒட்டிய உணர்விகள் அலைகளை வாங்க, இடுப்பில் கட்டிய பதிவுப் பெட்டி படங்களைச் சேமிக்கிறது. தொடக்க காலக் காமிரா நொடிக்கு 2 படம் எடுத்தது. 8 மணி நேரத்திற்கு எத்தனை? கணக்கிட்டுப் பாருங்கள்: 57,600! பணி முடிந்ததும் காமிரா மலத்தோடு வெளியேறிவிடும், மீண்டும் பயன்படுத்துவதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. நோயை இது காட்டுமேயன்றிக் குணப்படுத்தாது. பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கவும் இயலாது. குடல் குறுகியிருந்தால் சிக்கிக்கொள்ளவும் கூடும். எனவே மருத்துவர் ஆராய்ந்த பின்னரே இதைத் தருவார்.

இலக்கைத் தேடி அழிக்கும் ஏவுகணைக்குக் கண் தந்த அதே அறிவு, நோயைத் தேடிக் காட்டும் கண்ணாகவும் ஆனது. வகுப்பறையில் நாம் பெறும் விஞ்ஞான அறிவும் இவ்வாறே. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.