தொண்டுக்குப் போகிறவருக்கும் உரிமை உண்டு

முதியோர் இல்லம், மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகள் காப்பகம் போன்ற இடங்களில் ஓராண்டு தொண்டு செய்யும் வாய்ப்பை ஜெர்மனி வெளிநாட்டு இளைஞர்களுக்கும் தருகிறது. எஃப்.எஸ்.ஜே. எனப்படும் இந்தத் தன்னார்வச் சமூக ஆண்டுக்கு அங்கே 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. 2011-ல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டபோது பி.எஃப்.டி. என்ற இன்னொரு திட்டத்தை அந்நாட்டு அரசு தொடங்கியது. எஃப்.எஸ்.ஜே. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது, பி.எஃப்.டி.யில் மூத்தவர்களும் சேரலாம். வழக்கமாக 12 மாதம். 6 மாதத்துக்குக் குறையாது.

இந்தியாவிலிருந்தும் இளைஞர்கள் இதற்குப் போகிறார்கள். சேவை மனத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. பிறகு நர்சிங் பயிற்சியில் சேர ஒரு படியாக நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான ஆசைகள்தாம். ஆனால், "ஜெர்மனியில் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று ஆசை காட்டிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்களிடம் ஏமாறுகிறவர்களும் இவர்களே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது வேலை அல்ல. கிடைப்பது சம்பளமும் அல்ல. மாதந்தோறும் கைச்செலவுக்குப் பணம் தருவார்கள். அதற்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 644 யூரோ. பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் எல்லா இடத்திலும் கிடைக்காது. அறை வாடகையை நாமே கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பணம் மாதக் கடைசி வரை தாங்காது. "தங்குமிடம் யார் பொறுப்பு?" என்று விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

சட்டம் தரும் உரிமைகள்

சம்பளம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவம், விபத்து, ஓய்வூதியம் உள்ளிட்ட சமூகக் காப்பீடுகளுக்கான முழுத் தொகையையும் சேவை நடக்கும் இடமே கட்ட வேண்டும். தன்னார்வலரின் கைச்செலவுப் பணத்தில் பிடிக்கக் கூடாது. வேலைநேரச் சட்டமும் விடுப்புச் சட்டமும் இவர்களுக்கும் பொருந்தும். 12 மாத சேவையில் 25 நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. அவையும் சேவை நாட்களாகவே கணக்கிடப்படும். முடிவில் சான்றிதழ் கேட்டுப் பெறலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலையின் தன்மை. தன்னார்வலர் உதவியாளர் மட்டுமே. பயிற்சி பெற்ற ஊழியருக்கு மாற்றாக அவரை நிறுத்தக் கூடாது. "நர்ஸ் வரவில்லை, இன்று ராத்திரி நீயே தனியாகப் பார்த்துக்கொள்" என்று யாராவது சொன்னால், மறுத்துச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது.

விசாவும் பாஸ்போர்ட்டும்

90 நாள் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பவே கூடாது. இந்தச் சேவைக்கென்று நீண்டகால விசா தனியாக இருக்கிறது. அதற்குக் கையெழுத்தான சேவை ஒப்பந்தம் வேண்டும். ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். ஏ2 அல்லது பி1 நிலையைப் பல அமைப்புகள் எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 30 நாள் வரைதான் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் தனி விசா.

"பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்தத் தனியாருக்கும் அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை.

இன்னொரு உண்மையும் தெரிந்திருக்கட்டும். உலக நாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, விண்ணப்பிக்கவோ தேர்வுக்கோ ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் அது மோசடி.

உடலும் பாதுகாப்பும்

ஜெர்மனி அல்லாமல் ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களில் பலருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

அனாதை இல்லங்களில் குழந்தைகளோடு இருக்கப் போகிறோம் என்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். காசு கொடுத்து வரும் தன்னார்வலர்களுக்காகவே, பெற்றோர் உள்ள குழந்தைகளையும் இல்லங்களில் சேர்த்த கொடுமை நேபாளத்திலும் கம்போடியாவிலும் நடந்திருக்கிறது. இத்தகைய திட்டங்களின் தீங்கைத் தடுக்கும்படி 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பெரிய அமைப்பு என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்பதும் தவறு. 2009-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், அமெரிக்க அரசின் தன்னார்வ அமைப்பான பீஸ் கார்ப்ஸின் தன்னார்வலர் கேட் பூசி கொல்லப்பட்டார். அங்கே பணியாற்றிய ஒருவர் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்வதாக அவர் புகார் தந்திருந்தார். புகார் கொடுத்தவர் யார் என்ற ரகசியம் காக்கப்படவில்லை என்று குடும்பத்தினர் குமுறினார்கள். 2011-ல் அவர் பெயரிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றி, புகார்தாரரின் அடையாளத்தைக் காப்பதற்கு வழிசெய்தது. ஆகவே எந்த அமைப்பில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: "புகார் யாரிடம் தர வேண்டும்? என் பெயர் வெளியே போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

சிக்கல் வந்தால்

ஜெர்மனியில் முதலில், ஒப்பந்தம் போட்ட அமைப்பின் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். சேவை இடத்தை மாற்றித் தரவும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 116 016 இலவச எண். பல மொழிகளில் பேசலாம். பெர்லினில் இந்தியத் தூதரகமும், மியூனிக், ஃபிராங்க்பர்ட், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில், இங்கிருக்கும் குடும்பத்தாரும் புகார் பதியலாம். இடைத்தரகரிடம் பணம் போயிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் தர வேண்டும். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், காப்பீடு ஆகியவற்றின் நகல்களையும், சேவை இடத்தின் முழு முகவரியையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தை, அந்த மொழி தெரிந்தவரை வைத்து வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.