வண்ணப்பூச்சுக் கருவிகள்

வண்ணப்பூச்சுக் கருவிகள் என்பன வீட்டின் சுவர், கூரை, கதவு, சன்னல் முதலியவற்றுக்குப் பூச்சு இடுவதற்கும், அதற்கு முன் அப்பரப்புகளை ஆயத்தம் செய்வதற்கும் பயன்படும் கைக்கருவிகள் ஆகும். தூரிகை, உருளை, சுரண்டி, பட்டித் தகடு, உப்புத்தாள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பூச்சின் வகை, பரப்பின் தன்மை, பரப்பில் ஏற்கெனவே உள்ள பழைய பூச்சு ஆகிய மூன்றையும் கொண்டே பொருத்தமான கருவி தெரிவு செய்யப்படுகின்றது. இவற்றுள் மூன்றாவது, வேலையின் அழகை மட்டுமன்றி வீட்டில் வாழ்வோரின் உடல்நலத்தையும் பாதிக்கக் கூடியது.

தூரிகைகள்

தூரிகை என்பது கைப்பிடி, இழைகள், இரண்டையும் பிணைக்கும் உலோகப் பட்டை ஆகியவற்றைக் கொண்டது. இழைகள் இருவகைப்படும்.

* இயற்கை இழை: பெரும்பாலும் பன்றி மயிரால் ஆனது. எனாமல், வார்னிஷ் போன்ற எண்ணெய் அடிப்படையிலான பூச்சுகளுக்கு ஏற்றது. நீரில் இது ஊறித் துவண்டுவிடும். ஆதலால் நீர் அடிப்படையிலான எமல்சன் பூச்சுகளுக்குப் பொருந்தாது.
* செயற்கை இழை: நைலான், பாலியெசுத்தர் ஆகியவற்றால் ஆனது. நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் எமல்சன் பூச்சுக்கு ஏற்றது.

நல்ல தூரிகையின் இழை நுனிகள் பிளவுபட்டிருக்கும். இது கூடுதலான பூச்சைத் தாங்கி, கோடு விழாமல் பரப்ப உதவுகின்றது. சன்னல் சட்டம் போன்ற ஒடுங்கிய பகுதிகளுக்கு 1 அல்லது 2 அங்குலத் தூரிகையும், அகன்ற பகுதிகளுக்கு 3 அல்லது 4 அங்குலத் தூரிகையும் பயன்படுகின்றன.

தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். இதற்கு மயிர்த் தூரிகைக்குப் பதிலாகத் தாவர நாரால் ஆன மட்டைகள் பயன்பட்டு வந்துள்ளன. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. அது விலங்கு மயிரை அரித்துவிடும். தாவர நார் அதனைக் கூடுதலாகத் தாங்கும்.

உருளைகள்

உருளை (ரோலர்) அகன்ற சுவர்களுக்கு விரைவாகப் பூச்சு இட உதவுகின்றது. 1940 ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த நோர்மன் பிரேக்கி இதனை உருவாக்கினார் என்று பரவலாகக் கூறப்படுகின்றது.

உருளையின் உறையில் உள்ள இழையின் நீளம் சுவரின் தன்மைக்கு ஏற்ப அமைய வேண்டும். பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவருக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மி.மீ. வரையான இழை போதும். சொரசொரப்பான வெளிச்சுவருக்கு 19 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இழை தேவை. குட்டை இழை, சொரசொரப்பான சுவரின் பள்ளங்களை எட்டாது. நீண்ட இழை, வழவழப்பான சுவரில் புள்ளி புள்ளியான தடத்தை விட்டுச் செல்லும்.

உருளை மூலைகளை எட்டுவதில்லை. எனவே விளிம்புகளை முதலில் தூரிகையால் பூசி, அவை உலர்வதற்குள் நடுப்பகுதியை உருளையால் பூசுவர். இல்லையெனில் இரண்டும் சேருமிடத்தில் பட்டை தெரியும்.

ஆயத்தக் கருவிகள்

உரிந்த பூச்சைச் சுரண்டியால் நீக்கிய பின், வெடிப்புகளில் பட்டித் தகட்டால் பட்டி நிரப்பப்படுகின்றது. பட்டி உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்கப்படுகின்றது. உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் மணிகள் நுண்மையாகும். பழைய பூச்சை நீக்க 80, பட்டியைச் சமன் செய்ய 120 முதல் 150, இரு பூச்சுகளுக்கு இடையே 220 அளவிலான தாள்கள் பொதுவாகப் பயன்படுகின்றன.

பூச்சுப் படக்கூடாத விளிம்புகளில் மறைப்பு நாடா ஒட்டப்படுகின்றது. மகிழுந்துகளுக்கு இருநிறப் பூச்சு இடுவதற்காக 1925 இல் ரிச்சர்டு துரூ என்பவர் இதனை உருவாக்கினார். பூச்சு முழுவதும் இறுகுமுன் நாடாவை உரித்தால் விளிம்பு பிசிறில்லாமல் அமையும்.

பழைய பூச்சும் ஈயமும்

பழைய எனாமல் பூச்சுகள் பலவற்றில் ஈயச் சேர்மங்கள் கலந்திருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பூச்சு 1978 இல் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகள், வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காக வரையறுத்தன. இவை 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் ஈயம் இருக்கக்கூடும்.

இத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத் தூசி வீடெங்கும் பரவும். தவழும் குழந்தைகள் கையை வாயில் வைக்கும்போது அது உடலுக்குள் செல்கின்றது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை. ஆதலால் ஐயத்துக்குரிய பூச்சுக்கு மின்தேய்ப்பான், தீச்சுவாலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பரப்பை நனைத்து, நீர்த்தாளால் கையால் தேய்ப்பதே தகுந்த முறையாகும். தூசியைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இத்தூசியைத் தடுக்காது. நுண்துகள்களை வடிகட்டும் முகமூடி தேவை. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை முடிந்து தூய்மை செய்யும் வரை அவ்விடத்தில் இருக்கலாகாது. பழைய பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால், அதனை நீக்காமல் அதன் மேலேயே பூசுவது பாதுகாப்பானது.

பேணுதல்

எமல்சன் பூசிய கருவிகளை உடனே நீரிலும், எனாமல் பூசியவற்றை டர்பன்டைன் அல்லது தின்னரிலும் கழுவ வேண்டும். தூரிகையை இழைகள் வளையாதவாறு தொங்கவிட்டு உலர்த்துவது நன்று. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்; அவற்றை விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.